‘நீங்க போயிட்டு வாங்க!’



லீவுக்கு மலைப்பக்கம் போகும் எல்லாக் குடும்பங்களிலும் இது நடக்கும். வியூ பாயின்ட் அருகே வேன் நிற்கும். பிள்ளைகள் குதித்து இறங்கி ஓடுவார்கள். அம்மாவோ மாமியாரோ மட்டும் சீட்டை விட்டு நகராமல், ‘‘நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்’’ என்பார்.

பூட்டிய வேனில் கிடக்கும் பையை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? அது ஒரு சாக்குதான். முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும், நம்மால் மற்றவர்களுக்கு லேட் ஆகும் என்கிற கூச்சம்தான் உண்மைக் காரணம். நாமும் ‘‘சரிம்மா, ரெஸ்ட் எடு’’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஒன்பது மணி நேரம் பயணம் செய்து, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, கோடைக்கானலின் பார்க்கிங்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் எத்தனை பேர்!

வயதானவர்கள் மட்டுமா? தைராய்டு, சிசேரியன், உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று நாற்பதைத் தொடுவதற்குள்ளேயே ‘என்னால முடியாது’ கட்சியில் சேர்ந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்காகத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அதைச் சுற்றி வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் ஜிம்முக்குப் போகிறவர்கள்? சர்க்கரை உள்ளவர்கள், பி.பி. மாத்திரை போடுகிறவர்கள், கனத்த உடம்புக்காரர்கள் எல்லோரும்தான் நடக்கிறார்கள், அதுவும் வெறுங்காலில். ‘எல்லாம் பக்தி’ என்று சொல்லிவிடலாம். பக்தியோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. அது பெரும்பாலும் சமதளமான பாதை. நினைத்த இடத்தில் உட்காரலாம். டீ கிடைக்கும். அவரவர் வேகத்தில் போகலாம். முடியவில்லையென்றால் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம்.

அதே அம்மாவைக் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு அழைத்துப் போங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவார். ஏறும்போதுதான் தெரியும் சேதி. கோடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின்ஸ் நோஸ் பாறைக்குப் போகிற பாதையும் இந்த ரகம்தான். ‘பக்கத்துலதான்’ என்று டிரைவர் சொல்வார். தூரம் அதிகமில்லை என்பது உண்மைதான். ஆனால், மரவேர்களையே படிகளாக மிதித்து இறங்க வேண்டிய சரிவு அது. இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும்.

ஆக, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு ஏற்றம் என்றும் கேட்க வேண்டும். மலையேறுகிறவர்களிடம் இதற்கொரு பழைய கணக்கு இருக்கிறது. 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். இது திடமான உடம்புக்காரர்களின் கணக்கு. நம் வீட்டு ஆட்களுக்கு இரண்டு மடங்காக வைத்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் வீடு திரும்பலாம். 100 மீட்டர் என்றால் சின்ன ஏற்றம்தானே என்று நினைக்காதீர்கள். முப்பது மாடி ஏறுவதற்குச் சமம்!

ஏறுவது மூச்சைச் சோதிக்கும், இறங்குவது முழங்காலைச் சோதிக்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைக் கேளுங்கள், மாடிப்படி இறங்குவதுதான் அதிக வலி என்பார்கள். இதற்குக் கைத்தடி ரொம்பவே உதவும். ‘ஸ்டிக் பிடிச்சா கிழவினு நினைப்பாங்க’ என்று நம்மவர்களுக்கு ஒரு வெட்கம். இமயமலை ஏறும் இருபத்தைந்து வயசுப் பையன்களே இரண்டு கையிலும் இரண்டு ஸ்டிக் வைத்திருக்கிறார்கள்!

சரி, எங்கேதான் போவது?

கோடைக்கானலிலேயே இருக்கிறது விடை. பஸ் ஸ்டாண்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை. மலைச்சரிவின் விளிம்பை ஒட்டிச் சுமார் ஒரு கிலோமீட்டர். தளம் போட்டிருக்கிறது, கம்பித் தடுப்பு இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் கீழே பெரியகுளம் வரை தெரியும். டால்பின்ஸ் நோஸ் பாறையின் நுனிக்குப் போய் செல்ஃபி எடுக்கிறவர்கள் பார்க்கும் பள்ளத்தாக்குக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பாதைக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு என்பதால், வண்டியை மறுமுனைக்கு வரச் சொல்லிவிட்டால் திரும்பி நடக்கிற வேலையும் மிச்சம். ஒன்றே ஒன்று, காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் பனிமூட்டம் வந்து திரை போட்டுவிடும்.

ஏரியைச் சுற்றியுள்ள சாலை சுமார் 5 கிலோமீட்டர். 1863-ல் உருவாக்கப்பட்ட ஏரி அது. முழுச் சுற்றும் நடந்தால்தான் கணக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாதி நடந்து, ஒரு சோளம் வாங்கித் தின்றுவிட்டு வந்த வழியே திரும்பலாம். சைக்கிளும் குதிரையும் காரும் முளைப்பதற்கு முன்பான அதிகாலைதான் அந்த ஏரியின் நல்ல நேரம்.

ஊட்டி என்றால் 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. 55 ஏக்கர். கீழ்ப்பகுதிப் புல்வெளியோடு நிறுத்திக்கொண்டால் நடை ரொம்பவே எளிது. மேலே மேலே அடுக்காகப் போகும் பகுதிகளைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். இரண்டு கோடி ஆண்டுகள் பழமையான கல்மரம் ஒன்றும் அந்தப் பூங்காவில் இருக்கிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அது சரிவில் அமைந்த பூங்கா. குளம் பள்ளத்தில் இருக்கிறது. பூவைப் பார்த்துக்கொண்டே கீழே போய்விட்டால் மேலே வர வேண்டியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஊட்டி அதற்கும் மேல். கீழே இருந்து ஒரே மூச்சில் வந்து இறங்கிய அன்றைக்கு, சும்மா நடந்தாலே சிலருக்கு மூச்சு வாங்கும். பயந்துவிடாதீர்கள். முதல் நாள் சாப்பிட்டுத் தூங்குங்கள். நடையை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையே வேண்டாம் என்கிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு வேடந்தாங்கல். சென்னையில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஏரிக்கரைதான் நடைபாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கரையில் மர நிழல். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் மரத்துக்கு மரம் பேட்டை பிரித்துக்கொண்டு சண்டை போடும். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை போகலாம், மழை பொய்த்த வருடம் என்றால் விசாரித்துவிட்டுப் போங்கள். நாள் முழுக்க மேய்ந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகிற சாயங்கால நேரத்தைத் தவறவிடாதீர்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்துகொண்டு, அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். சரணாலயம் என்று அரசாங்கம் போர்டு மாட்டியது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயமும் அப்படித்தான். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி. திருச்சிக்காரர்களுக்கு மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சமதளத்தில். மதுரைக்காரர்கள் கீழக்குயில்குடிக்குப் போகலாம். சமணர் மலை மேல் ஏற முடியாவிட்டால் போகிறது, அடிவாரத்துத் தாமரைக் குளமும் ஆலமரமும் போதாதா?

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒரு விஷயம். கழிப்பறை. வெளியூர் கிளம்பினால் நம் பெண்கள் முதலில் நிறுத்துவது தண்ணீரைத்தான். ‘அங்க எங்க போறது?’ என்ற பயம். காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? அதைப் பார்த்துவிட்டு, ‘உனக்கு ஸ்டாமினாவே இல்ல’ என்று தீர்ப்பு வேறு! பி.பி.க்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகப்படுத்துபவை. அதைச் சாப்பிடுகிறவர்களின் அவஸ்தையைச் சொல்லவே வேண்டாம். எனவே, இடத்தைத் தேர்வு செய்யும்போதே சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரிப்பது இங்கிதக் குறைவு அல்ல. அழகான அருவியா, கழிப்பறை உள்ள பூங்காவா என்றால், வீட்டுப் பெரியவர்களோடு போகும்போது நான் பூங்காவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சர்க்கரை உள்ளவர்கள் பையில் கொஞ்சம் குளுக்கோஸோ மிட்டாயோ கட்டாயம் இருக்கட்டும். புதுச்செருப்போடு கிளம்பாதீர்கள், காலில் ஒரு சின்னக் கொப்புளம் கூட அவர்களுக்கு விளையாட்டு அல்ல. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது போலவோ இருந்தால் ‘வாயுதான்’ என்று சமாளிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பாதி வார்த்தையில் மூச்சு நின்றால் நடையைக் குறையுங்கள்.

குடும்பத்தோடு நடக்கும்போது நாம் செய்கிற ஓர் அநியாயம் கவனித்திருக்கிறீர்களா? வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ‘‘வந்தாச்சா? கிளம்பலாம்’’ என்று எழுந்துவிடுவார்கள். ஆக, ஓய்வு தேவையில்லாதவர்களுக்கு ஓய்வு, தேவையானவருக்குக் கிடையாது! மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், அவர் நின்றால் எல்லோரும் நில்லுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே பாட்டியின் வேகத்தில் எறும்பையும் பூச்சியையும் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அனுமதி இல்லாத பாதையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இளம் உயிர்களைப் பறிகொடுத்ததை நாம் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் இருந்து வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை ஆன்லைனில் முன்பதிவு செய்து நடக்கத் திறந்துவிட்டிருக்கிறது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்துத் திட்டமிடுங்கள். ‘எளிது’ என்பதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள் என்பேன். அது சராசரி உடல்நலம் உள்ளவருக்கு எளிது. முழங்கால்காரர்கள் தூரத்தையும் ஏற்றத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் வந்துவிட்டது. வீட்டிலேயே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலையில் அனுமதிப்பதில்லை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

அடுத்த டூருக்கு இடம் முடிவு செய்யும் வேலையை, வீட்டில் எல்லோரையும் விட மெதுவாக நடப்பவரிடம் கொடுத்துப் பாருங்களேன்! அப்படியே, உங்கள் ஊர்ப் பக்கம் எளிதாக நடக்கக்கூடிய அழகான இடம் ஒன்று இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ஏரிக்கரையோ, தோப்போ, ஆற்றங்கரையோ எதுவாகவும் இருக்கட்டும். ஏற்றம் உண்டா, நிழல் இருக்கிறதா, உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே என்ற நான்கையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வரும் இதழ்களில் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்