ஸ்வயம் இருக்கிறது, ஆசிரியர் எங்கே?

ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தில் பயிலலாம் என 2016-இல் இசைவளித்த பல்கலைக்கழக மானியக் குழு, மாணவருக்கு வழிகாட்டக் கல்லூரி ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்த வேண்டும் எனவும் விதித்தது. 2021-இல் வரம்பு 40 ஆயிற்று. கல்லூரிகள் பல, எண்ணை நினைவில் வைத்தன, ஒருங்கிணைப்பாளரை மறந்தன.

தம் கல்லூரியில் கற்பிக்கப்படாத பாடத்தை மாணவர் வேறிடத்து அறிஞரிடம் கற்பது நன்றே. அதை யார் மறுப்பர்? ஆனால், நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடத்தை மறைக்கும் திரையாக அத்தளம் ஆகுமெனில், அது கல்வியன்று, சிக்கனம். வாராந்திர ஒப்படைப்பின் விடைகள் வாட்ஸ்அப்பில் உலவுகின்றன; மதிப்பெண் சேர்கிறது, ஐயம் எஞ்சுகிறது. மாணவரின் முகம் பார்த்து விளக்கத்தை மாற்றிக்கொள்ளக் காணொளி அறியாது.

ஸ்வயம் பாடத்துக்கு வாரம் ஒரு மணி நேரமேனும் ஆசிரியரைக் கால அட்டவணையில் இடாத கல்லூரி, அதற்குக் கிரெடிட் வழங்குவது எவ்வாறு அறமாகும்?