பாற்பல்லும் பெற்றோர் பொறுப்பும்

ஒளூவின்போது மும்முறை வாய் கொப்பளித்தல் சுன்னத்தாகும். ஐவேளைக்கும் தனித்தனியே ஒளூச் செய்பவரின் வாய் நாளொன்றுக்கு 15 முறை அலசப்படுகிறது. இத்தகைய மார்க்கத்தில் பிறந்திருந்தும், சொத்தைப் பல்லின் வலியால் இரவில் துடிக்கும் பிள்ளையைக் காணாத வீடுகள் நம் கோட்டுச்சேரிப் பகுதியில் எத்தனை இருக்கும்? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வயதுச் சிறார்களில் 51.9 விழுக்காட்டினருக்குப் பற்சொத்தை இருந்தது.

"விழப்போகும் பல்தானே" என்று தாய்மார்கள் கூறுவதுண்டு. பாற்பற்கள் 20. அவையே நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. மேலும், ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலே வருவதால், அதனையும் பாற்பல் என்றே எண்ணிப் பலர் கைவிட்டுவிடுகின்றனர். அதுவோ ஆயுள் முழுமைக்குமான பல்!

இந்நிலையில், 'மூலிகை', 'இயற்கை' எனும் பெயர்களோடு வாய் கொப்பளிக்கும் நீர்கள் கடைகளுக்கு வந்துள்ளன. மூலிகையை நாம் குறைகூறவில்லை. கடுக்காய், நெல்லி, தான்றி சேர்ந்த திரிபலா நீரைக் குளோர்ஹெக்சிடின் மருந்துநீரோடு ஒப்பிட்டு நம் நாட்டுப் பள்ளிச் சிறார்களிடையே ஆய்வுகள் நடந்துள்ளன. பல்லில் படியும் அழுக்குப் படலம் இரண்டினாலும் குறைந்தது. குளோர்ஹெக்சிடினை நெடுநாள் பயன்படுத்தினால் பல்லில் கறை படியும் என்பதால் மூலிகைக்கு ஒரு சிறப்பும் உண்டு. ஆயினும், ஒட்டிய படலத்தைத் தேய்த்தே அகற்ற வேண்டும். கொப்பளிக்கும் நீர் துணை மட்டுமே. ஆறு வயது நிரம்பாத பிள்ளை துப்புவதற்குப் பதில் விழுங்கிவிடும். ஆகவே அவ்வயதினருக்கு அது வேண்டாம். ஒளூவின் தூய நீரே போதும். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கும் பாட்டிமார்களும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். சிறு பிள்ளை அதனை விழுங்கினால் ஈரலுக்கே கேடு நேரலாம்.

தேய்த்தல் என்றதும் மிஸ்வாக் நினைவுக்கு வரும். அதனைத் தரும் உகாய் மரம் அரபு மண்ணுக்கு மட்டும் உரியதன்று. நமக்குத் தெற்கே கோடியக்கரைக் காட்டிலும் வளர்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 1986இல் மிஸ்வாக்கைப் பரிந்துரைத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) பல்துலக்கும் குச்சியுடன் வந்தார். பெருமானாரின் பார்வை அதில் நிலைத்தது. குறிப்பறிந்த அன்னையார் அதனைத் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். ஓர் அறிவிப்பில் அக்குச்சி பசிய பேரீச்ச மட்டை என்றே வருகிறது. எந்த மரம் என்பதைவிட வாய்த் தூய்மையே அங்கு நாடப்பட்டது என்பது நம் கருத்து. ஆதலால் பிள்ளைக்கு மென்மையான பிரஷைத் தருவதில் தயக்கம் எதற்கு? உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். அவற்றை அறவே தவிர்த்திடுக.

நபிகளார் இரவில் விழித்தெழும்போதும் மிஸ்வாக் செய்துள்ளார்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பல்லுக்கு இரவே ஆபத்தான நேரம். நாமோ ரமலான் இரவுகளில் பேரீச்சம் பழமும் இனிப்பும் தந்து, பிள்ளையை அப்படியே உறங்க வைக்கிறோம். படுக்குமுன் நீங்களே பிள்ளையின் பல்லைத் துலக்கிவிடுங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவும், அதன்பின் ஒரு பட்டாணியளவும் ஃப்ளோரைடு பற்பசை போதும். ஏழெட்டு வயது வரை இது பிள்ளையின் வேலையன்று, உங்கள் வேலை. பல்லில் கரும்புள்ளி தென்பட்டால் கஷாயம் காய்ச்சிக் காலம் கடத்தாது, மறுநாளே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.