என்ன யந்திரம் வேண்டும்?

மனிதனுக்கு இன்னும் என்னென்ன யந்திரங்கள் வேண்டியிருக்கின்றன என்று, கடலூரிலும் சிதம்பரத்திலும் நாம் கண்ட ஜனங்களையெல்லாம் சில வாரங்களாக விசாரித்துக் கொண்டு வந்தோம். கூட்டத்துக்குப் போன இடத்திலும், ரயிலுக்குக் காத்திருந்த இடத்திலும், டீக்கடை பெஞ்சிலுமாக இந்த விசாரணை நடந்தது. பொழுதுபோக்காக ஆரம்பித்த காரியமேயொழிய, இதை எழுத வேண்டுமென்ற எண்ணம் நமக்கு அப்போது கிடையாது.

கடலூர் முதுநகரில் மீன் விற்கும் ஒரு அம்மாள், சாயங்காலம் வரையில் கூடையில் கரையாத ஐஸ் வேண்டுமென்றார். 2011 டிசம்பரில் அடித்த தானே புயலில் கூரையைப் பறிகொடுத்த ஒருவர், எந்தக் காற்றுக்கும் பிடுங்காத ஆணி ஒன்று வேண்டுமென்றார். சிதம்பரத்தில் ஒரு மாணவர், தானே பரீட்சை எழுதும் பேனா இருந்தால் நலம் என்றார். அவருடைய தாயார் பக்கத்திலிருந்து, "முதல்ல தானே பாத்திரம் தேய்க்கிற கை ஒண்ணு கண்டுபிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

இவற்றில் ஒன்றையாவது பைத்தியக்கார ஆசையென்று நாம் சொல்ல மாட்டோம். 1940-களில் பெரியார் இனிவரும் உலகத்தைப் பற்றிப் பேசி, கம்பியில்லாத் தந்தி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று சொன்னபோது சிரித்தவர்களுடைய பேரப்பிள்ளைகள், இன்று அந்தக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுதான் அதிலே ராகுகாலம் பார்க்கிறார்கள்!

நிற்க, கடைசியாக நாம் கேட்டது சாக்கடை வேலை செய்யும் ஒரு தோழரை. அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா புள்ள ஓடி வந்து காலைக் கட்டிக்குதுங்க. அதுக்குள்ள வாடை போற மாதிரி ஒரு சோப்பு இருந்தா தேவலைங்க ஐயா" என்றார்.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஐஸ் கேட்டவரும் ஆணி கேட்டவரும் தங்கள் தொல்லையே ஒழிய வேண்டுமென்று கேட்டார்கள். இவரோ குழியில் இறங்காமலிருக்க ஒரு யந்திரம் வேண்டுமென்று கேட்கவில்லை. இறங்குவது இருக்கத்தான் இருக்கும், வாடையாவது போகட்டும் என்கிறார். ஒரு மனிதனுடைய ஆசையைக்கூட இவ்வளவு சிறியதாக வெட்டி வைத்திருப்பது எது? ஜாதியா அல்லவா என்று வாசகர்களையே கேட்கிறோம்.

நம் நாட்டில் புஷ்பக விமானம் பறந்ததாகவும், மந்திரத்தால் நெருப்பைக் கக்கும் அஸ்திரம் இருந்ததாகவும் இன்றைக்கும் மேடையேறிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்திருக்கட்டும். ஆகாயத்தில் பறக்கக் கருவி செய்த அந்த மகான்களுக்கு, மலத்தை மனிதன் கையால் அள்ளாமலிருக்க ஒரு நீளக் கரண்டியாவது செய்யத் தோன்றாத காரணம் என்ன? அதற்கென்று ஒரு கூட்டத்தாரைப் பிறப்பிலேயே ஒதுக்கி வைத்துவிட்ட பிறகு கரண்டி எதற்கு?

சிதம்பரத்து நந்தன் கதையையே எடுத்துக் கொள்ளுவோம். தில்லைக்குப் போக உத்தரவு கேட்ட நந்தனிடம், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று ஆண்டை சொன்னதாகவும், சிவபூதங்கள் வந்து ஒரே இரவில் அதை முடித்துக் கொடுத்ததாகவும் கதை. சேக்கிழார் பாட்டில் இந்த ஆண்டையே கிடையாது. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்த சங்கதி இது. யார் சேர்த்தாலும் சரி, வயலில் முதுகொடிந்தவனுக்கு அறுவடை யந்திரத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்தப் பூதங்கள் ஆண்டையின் நெல்லைத்தான் அறுத்துக் கொடுத்தனவே தவிர, நந்தனுக்கென்று ஒரு குழி நிலத்தையாவது உழுது கொடுத்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகும் அவரை நெருப்பிலே இறங்கச் சொன்னார்கள்.

நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கு மேல். இன்று காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் பத்து அறுவடை வண்டிகளை வயலில் இறக்கினால் அது ஏறக்குறைய மூன்று நாள் வேலை. பூதம் வேண்டியதில்லை, டீசல் இருந்தால் போதும். இந்த வண்டி எப்போது வந்தது? அறுக்கிற ஆள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய், நிலக்காரருக்கு ஆளும் அகப்படாமல் கூலியும் கட்டாமற்போன பிற்பாடுதான் வயலுக்கு வயல் வந்தது. ஆகவே, ஏழையின் முதுகு வலித்தது என்பதற்காக யந்திரம் வருவதில்லை; பணக்காரனுக்கு வலித்தால் வருகின்றது.

இது நம் நாட்டு யோக்கியதை மாத்திரமல்ல. லண்டனில் ஏழைகள் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக் காலராவில் ஆயிரக்கணக்காகச் செத்துக் கொண்டிருந்தபோது பார்லிமெண்டு அசைந்து கொடுக்கவில்லை. 1858-ம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பார்லிமெண்டு கட்டடத்துக்குள்ளேயே புகுந்து, திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் கனவான்களால் உட்கார முடியாமற் போயிற்று. உடனே சில வாரங்களுக்குள் சட்டம் நிறைவேறியது. பேசல்ஜெட் என்ற எஞ்சினீயர் பெரும் சாக்கடைகளைக் கட்டி முடித்தார். நம் ஊர்க் கனவான்களின் மூக்குக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. மூடியைத் திறந்து உள்ளே போக ஒரு ஆள் எப்போதும் அகப்படுகிறான்.

உள்ளே இருப்பது என்ன? ஹைட்ரஜன் சல்பைடு என்கின்ற விஷவாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அதிகமானாலோ, முதலில் மோப்ப சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைத்துக் கொண்டே மனிதன் சுருண்டு விழுவான். தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் பழைய வழக்கத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மீத்தேன் இருந்தாலோ வெடித்துவிடும். விழுந்தவனைத் தூக்கப் போனவனும் விழுவான். அதனால்தான் இந்தச் சாவுகள் இரண்டும் மூன்றுமாக வருகின்றன. 2017 மார்ச்சில் நம் கடலூரிலேயே பாதாளச் சாக்கடைக்குள் மூன்று தொழிலாளிகள் மாண்டார்கள்.

2013-ம் வருஷச் சட்டப்படி, தக்க பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ எவரையும் இறக்குவது குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. வரவேற்கிறோம். ஆனால் செத்த பிறகு கொடுக்கிற பணத்தைச் சாவதற்கு முன்னால் யந்திரத்துக்குச் செலவழித்தால் என்ன?

யந்திரம் இல்லையென்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடையில் இறங்கிய இரண்டு தொழிலாளிகளும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஒரு ஆட்டோ ஓட்டுநரும் இறந்து போனார்கள். அதைக் கேட்டு மனம் பொறுக்காத கேரள வாலிப எஞ்சினீயர்கள் சிலர் 'பாண்டிகூட்' என்றொரு யந்திரம் செய்தார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. பிறகு நம் கும்பகோணத்துக்கும் வந்தது. காமிராவும் வாயு அளக்கும் கருவியும் கொண்ட யந்திரக் கை குழிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளும். மனிதன் மேலே நின்று அதை ஓட்டுவான். பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. பிள்ளையாரைச் சுமந்ததைத் தவிர வேறு வேலை செய்தறியாத பெருச்சாளி, முதல்தடவையாக மனிதனுக்கு உபகாரம் செய்தது கேரளத்து வாலிபர்களுடைய புத்தியால்தான்.

"இதனால் அவர்கள் பிழைப்புப் போய்விடுமே" என்று சிலர் கண்ணீர் விடுகிறார்கள். போகாது. குழியில் இறங்கிய அதே தொழிலாளிக்குப் பழக்கிக் கொடுத்தால் அவரே அதை ஓட்டுவார். கேரளத்தில் அப்படித்தான் செய்தார்கள். நமக்குள்ள பயம் வேறு. பொத்தானை அமுக்கும் வேலையாகிச் சம்பளமும் உயர்ந்துவிட்டால், இதுவரை மூக்கைப் பொத்திக் கொண்டு போனவர்களெல்லாம் சிபாரிசுக் கடிதத்தோடு வரிசையில் நிற்பார்கள். அப்போது பழைய ஆளுக்கே முதலிடம் என்று இப்போதே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு குறை இருக்கின்றது. அந்தப் பெருச்சாளி தெருச் சாக்கடைக்குத்தான் உதவும். வீட்டு மலத்தொட்டிக்கு உறிஞ்சும் லாரி இருந்தாலும், நம் பழைய ஊர்ச் சந்துகளிலும் கிராமத்துத் தெருக்களிலும் அது நுழையாது. அங்கேதான் இன்னும் இருட்டின பிறகு ஆளைக் கூப்பிட்டு வாளியும் கயிறும் கொடுக்கிறார்கள். ஆகையால் நமக்கு வேண்டியது, இரண்டு பேர் தள்ளிக் கொண்டு போகக்கூடிய கைவண்டி அளவில் ஒரு உறிஞ்சும் யந்திரம். நூறு அடிக் குழாயும், கெட்டியான சேற்றையும் கலக்கி இழுக்கும் பம்பும், வாயு அளக்கும் கருவியும் அதில் இருக்க வேண்டும்; விலை ஒரு பஞ்சாயத்து தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் இருக்கின்றது. எஞ்சினீயரிங் பிள்ளைகள் வருஷந்தோறும் ஏதாவதொரு யந்திரம் செய்து காட்டித்தான் பரீட்சை தேறுகிறார்கள். இந்த வருஷம் இதைச் செய்யட்டும். சக்கரம் எவ்வளவு அகலம், குழாய் எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் புத்தகத்தில் தேட வேண்டாம். சோப்புக் கேட்ட அந்தத் தோழரை முதல் நாளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு கேட்கட்டும். வர விருப்பமா என்று அவரைக் கேட்டோம், வருகிறேன் என்றார்.