மலை எங்கே போச்சு?

இந்த வாரம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது ஒரு வீட்டு விளம்பரம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கடையநல்லூரின் மேற்குப் பக்கம், கிழக்குப் பார்த்த மாடி வீடு, போரில் நல்ல தண்ணீர், விலை நேரில் பேசிக்கொள்ளலாம். இதுவரை குற்றமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் மலையைக் காணோம். மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கவேண்டிய இடத்தில் எந்த நாட்டு வானத்தையோ கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். யாரோ ஒரு தம்பி கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றப் போய், அது மலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருக்கிறது.

சாரல் மாதத்தில் மேகம் மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழிகிற அழகைப் பார்க்க, எங்கெங்கிருந்தோ வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். அதே காட்சி மொட்டை மாடியிலேயே கிடைக்கிற வீட்டை விற்கிறவர், அந்த மலையைக் கூலி கொடுத்து அழித்திருக்கிறார்.

வீடு விற்க நல்ல புகைப்படக்காரர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஏர்பிஎன்பி நிறுவனம் ஆரம்பித்த புதிதில், 2009இல், நியூயார்க்கில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. பட்டியலில் இருந்த வீடுகளின் படங்கள் அவ்வளவு மட்டம். நிறுவனர்கள் ஒரு நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்த் தாங்களே படம் எடுத்துப் போட்டார்கள். வார வருமானம் இரட்டிப்பானது. மறு ஆண்டே தொழில்முறைப் புகைப்படக்காரர்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ராத்திரி தங்கப்போகிறவனே படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறான். ஆயுள் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்குகிறவன் பார்க்கமாட்டானா?

அதுவும் எங்கள் ஊரில். இங்கே வீடு வாங்குகிற ஆள் பாதி நேரம் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். வெளிநாட்டுச் சம்பாத்தியம் எங்களுக்கு வளைகுடாவோடு தொடங்கியதும் அல்ல. சிங்கப்பூரில் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதே அங்கிருந்த கடையநல்லூர் முஸ்லிம் லீக்தான். வாங்குகிறவர் கடல் தாண்டி இருக்கும்போது, அவருக்கு வீடு என்பது செல்போனில் தெரிகிற அந்தப் பத்துப் படம்தான்.

நல்ல புகைப்படக்காரர் என்ன செய்வார்? ஸ்டாண்டு போட்டு, கேமராவை நெஞ்சுயரத்தில் மட்டம் பார்த்து வைப்பார்; சுவர் சாயாது. கிழக்கு வாசல் என்றால் காலை வெயிலுக்குக் காத்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற வெளிச்சத்துக்கு ஒன்று, உள்ளே இருக்கிற இருட்டுக்கு ஒன்று என ஒரே கோணத்தைப் பலமுறை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பார். முதலில், வாளியையும் கொடியில் கிடக்கிற கைலியையும் எடுக்கச் சொல்வார். இதற்குக் கூலி கொடுப்பது நியாயம்.

ஆனால் நம் ஆட்கள் பிடித்துக்கொண்டது அகலக் கோண லென்ஸை. செல்போனில் 0.5 என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டினால் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபமாகிவிடும். ஓரத்தில் இருக்கும் பீரோ இழுபடும், மின்விசிறியின் றெக்கை ஒன்று மட்டும் நீளும். ஏமாறாமலிருக்க ஒரு வழி: தரையில் டைல்ஸை எண்ணுங்கள். இரண்டடி டைல்ஸ், சுவருக்குச் சுவர் ஐந்து என்றால் அறை பத்தடிதான். லென்ஸ் டைல்ஸை இழுக்கும், எண்ணிக்கையைக் கூட்டாது.

வானத்தை ஒட்டுகிற வேலை மட்டும் புதிதா என்றால், இல்லை. லின்னேயஸ் டிரைப் என்று ஒருவர் இருந்தார். சென்னை ராஜதானி 1856இல் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்த ராணுவ கேப்டன். 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படமெடுத்தவர். அந்தக் காலத்து மெழுகுக் காகித நெகட்டிவில் நீல நிறம் மட்டும் வேகமாக ஏறிவிடும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக விழும். மனிதருக்குப் பொறுக்கவில்லை. சில நெகட்டிவ்களில் தாமே சாயம் தொட்டு மேகம் வரைந்தார். ஆனாலும் அவர் கோபுரத்தை அழித்துவிட்டு மேகம் போடவில்லை, அதைக் கவனிக்கவேண்டும்.

அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடியில் ஓடுகிற கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். அதில் மேகமும் இல்லை, அலங்காரமும் இல்லை. எழுத்து தெரியவேண்டும், அவ்வளவுதான். 1859இல் கவர்னர் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி அந்தப் பணியையே நிறுத்திவிட்டார். ஆக, ஒரே ஆள் இரண்டு மாதிரியும் எடுத்திருக்கிறார். ஒன்று கண்ணுக்கு, ஒன்று சாட்சிக்கு.

சாட்சிக்கு எடுத்த படம் என்றதும் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வருகிறது. 80களில் இங்கே எழும்பிய வீடுகளில் பலவற்றை, பணம் போட்டவர் புகைப்படத்தில்தான் முதலில் பார்த்தார். அவர் சவுதியில், கட்டுவது தகப்பனாரும் மச்சானும். அஸ்திவாரம் தோண்டிய அன்று ஸ்டுடியோக்காரர் சைக்கிளில் வருவார். பேஸ்மட்டம் முடிந்ததும் ஒரு படம், நிலை வைத்த நாளில் ஒரு படம், லிண்டல் மட்டத்தில் ஒரு படம். கான்கிரீட் போடும் முன்னால், சென்டரிங் பலகை மேல் கம்பி கட்டி முடித்த கோலத்தில் கட்டாயம் ஒரு படம். சிமென்ட் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் மச்சான் விறைப்பாக நிற்பார். அவர் நிற்பது அழகுக்கு இல்லை, மூட்டை எவ்வளவு உயரம் என்று தெரிவதற்கு. படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் தேதியும், அந்த வாரக் கொத்தனார் கூலியும். எல்லாம் ஏர்மெயிலில் போகும்.

பதில் கேசட்டில் வரும். வீட்டோடு உட்கார்ந்து கேட்பார்கள். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, குரல் கொஞ்சம் மாறும்: “மச்சான், அந்த மூலை பில்லர்ல கம்பி நாலுதான் தெரியுது. ஆறு போடச் சொன்னேனே?” மறுநாள் மேஸ்திரிக்கு விசாரணை. எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போடாத அந்தக் கட்டடங்களுக்கு மேற்பார்வை இப்படித்தான் நடந்தது.

அந்த வீடுகள்தான் இப்போது விலைக்கு வருகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சார்ஜாவிலும் தங்கிவிட்டார்கள். அண்மையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு வெகுநாளாகத் தட்டிக்கொண்டே போனது. புரோக்கர் எடுத்த பளபளப்புப் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், ‘கட்டடம் எப்படியோ’ என்று பின்வாங்கினார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ஆல்பத்தை எடுத்து வீடியோ காலில் பக்கம் பக்கமாகக் காட்டினார். வாங்குகிறவர் கம்பி கட்டிய படத்தில்தான் அதிக நேரம் நின்றார். செப்டிக் டேங்க் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் அதில் இருந்தது. பேரம் அன்றே படிந்தது.

அரசாங்கத்துக்கும் இது புரிந்திருக்கிறது. வீட்டை மறைத்துக் காலி மனை என்று பதிவு செய்து வருமானத்தை ஏய்க்கிறார்கள் என்பதால், 2023 அக்டோபர் முதல் காலி மனைப் பத்திரத்தோடு அந்த இடத்தின் புகைப்படத்தை, அட்சரேகை தீர்க்கரேகையோடு இணைக்கச் சொல்லிவிட்டது பதிவுத்துறை. அந்தப் படத்துக்கு வானம் மாற்றித் தர யாரும் முன்வரமாட்டார்கள். புது அடுக்குமாடி விளம்பரத்தில் புளுகினால், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டி பில்டரிடம் நஷ்டஈடு கேட்கலாம். பழைய வீட்டை ஒருவர் தனியாக விற்கும்போது அந்தப் பிடி கிடையாது. அங்கே படம் எடுக்கிறவரின் யோக்கியதைதான் சட்டம்.

ஸ்டுடியோத் தம்பிகளுக்கு என் விண்ணப்பம் இது. அழகாகப் பத்துப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இன்னொரு பத்து எடுங்கள்: ஓதம் ஏறிய சுவர், மீட்டர் பலகை, மழை பெய்த மறுநாள் மொட்டை மாடி, ஒரு கார் நிற்கும்போது தெருவில் மிச்சமிருக்கிற அகலம். இப்போது வீடு கட்டுகிறவர்கள், பூச்சு பூசும் முன் வயர் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற இடத்தில் டேப்பைப் பிடித்துப் படமெடுத்துத் தாய்ப்பத்திரத்தோடு வையுங்கள். நாளைக்கு விற்கும்போது அதற்கும் ஒரு விலை உண்டு.

என் வீட்டை விற்கிற உத்தேசம் இப்போதைக்கு இல்லை. விற்றால், ஓதத்தை ஒளிக்காமல் எடுக்கிற தம்பியைத்தான் கூப்பிடுவேன், இரட்டைக் கூலி கேட்டாலும் சரி. புரோக்கருக்குத்தான் அந்தக் கணக்கு பிடிக்காது.