கடைக்கு உரிமம் உண்டு, கைக்கு உண்டா?

லாரி ஓட்ட உரிமம் வேண்டும். உணவு விடுதி நடத்த உரிமம் வேண்டும். பட்டாசு விற்க உரிமம் வேண்டும். ஆனால், உழைப்பவனின் முதுகெலும்பிலே கை வைத்து அழுத்துவதற்கு மட்டும் உரிமம் வேண்டாம்! இதுதான் இன்றைய நிலை, தோழர்களே!

ஆவடியிலே 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தபோது நாடே பெருமைப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத்துகள் அந்தக் காலம் முதல் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஆனால், லேத்தின் முன்னே நின்று நின்று தேய்ந்த முழங்காலை, பூந்தமல்லி சாலையிலே மூட்டை சுமந்து சுமந்து பிடித்துக்கொண்ட இடுப்பை யார் பார்த்தார்கள்? ஷிப்டு முடிந்து வலியோடு வருகிறவன் கண்ணிலே படுவது ஒரு மின்விளக்குப் பலகை: "மசாஜ் நிலையம், அரசு உரிமம் பெற்றது!"

எந்த உரிமம்? அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. இவை தருவது தொழில் உரிமம். அது கடைக்கான சீட்டு. உள்ளே உங்கள் உடம்பைத் தொடுகிற கை கற்ற கையா, கல்லாத கையா என்பதற்கு அது சாட்சி அல்ல. மசாஜ் செய்பவருக்கென்று தனியே உரிமம் வழங்கும் சட்டம் இந்த நாட்டிலே இல்லை. திறன் பயிற்சிச் சான்றிதழ்கள் உண்டு. அவை பயிற்சிக்கு அத்தாட்சி, உரிமம் ஆகா.

"தேய்த்துவிடுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பாருண்டு. கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. தசைப்பிடிப்பாக இருக்கலாம், நாளத்திலே உறைந்த இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். கட்டியென்றால், அழுத்தித் தேய்த்ததும் அது நகர்ந்து, நுரையீரலை அடைத்து, உயிரையே குடிக்கக்கூடும். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கெடுத்தால் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். தொடக்கூடாத இடம் எது என்று அறிந்த கைதான் கற்ற கை!

அப்படியானால் தொழிலாளி என்ன செய்வது? முதலில், தன் பணத்துக்குக் கணக்குக் கேட்கட்டும். இ.எஸ்.ஐ. உறுப்பினரின் கூலியிலே நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் அந்தப் பணத்தில் நடப்பவை. அங்கே மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரபி தேவையா என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை! வீட்டோடு முடங்கியவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலே இயன்முறை சிகிச்சையும் உண்டு.

வெளியே போவதானால் கேளுங்கள்: "எங்கே படித்தீர்கள்? பதிவு எண் என்ன?" இயன்முறை மருத்துவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். தொக்கணமும் வர்மமும் நம் சித்த மருத்துவத்தின் செல்வங்கள். அவற்றைச் செய்யும் சித்த மருத்துவருக்கு மருத்துவ மன்றத்தின் பதிவு எண் உண்டு. எண் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், மன்றத்திலே சரிபாருங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்!

இன்னொரு பக்கமும் உண்டு. மசாஜ் செய்பவரும் தொழிலாளிதான். நேர்மையாக உழைக்கும் ஆணையும் பெண்ணையும் சமுதாயம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. 2021 டிசம்பரிலே சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, ஸ்பாக்களிலே காமிரா வைக்கச் சொன்னார். 2022 ஜனவரியிலே மதுரைக் கிளையின் வேறொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமையைப் பறிப்பது என்றார். காமிரா வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு இது. கையின் கல்வியைக் காமிரா காட்டுமா? காட்டாது, பதிவேடுதான் காட்டும்!

ஜப்பானைப் பாருங்கள். 1947லேயே மசாஜ் தொழிலுக்குச் சட்டம் இயற்றினார்கள். படித்து, தேர்வு எழுதி, உரிமம் பெற்றவரே தொழில் செய்யலாம். பார்வையற்றோர் தலைமுறை தலைமுறையாக அங்கே இத்தொழிலால் மதிப்போடு வாழ்கிறார்கள். நம் பூந்தமல்லியிலே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் விரல்களுக்கு அறிவு இல்லையா? முறையான பயிற்சியும் அரசு முத்திரையும் கொடுத்தால், அவர்களுக்கு வாழ்வு; நமக்கு வலி தீரும்.

2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கு மத்தியச் சட்டம் வந்தது. பிசியோதெரபி அதிலே இடம் பெற்றது. அதைச் செயல்படுத்தவே 2024இல் உச்சநீதிமன்றம் காலக்கெடு விதிக்க வேண்டியிருந்தது! இந்த வேகத்திலே மசாஜ் தொழிலாளிக்குப் பதிவேடு என்றைக்கு வரும்? கேட்காமல் வராது. ஆகவே தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலிலே இரண்டு வரி சேர்க்க வேண்டும்: தொழிற்பேட்டைக்குள்ளேயே இயன்முறை சிகிச்சை மையம், மசாஜ் தொழிலாளருக்குப் பயிற்சி, பதிவு, அடையாள அட்டை.

எந்திரத்துக்கு எண்ணெய் போடப் பயிற்சி பெற்றவன் வேண்டும் என்கிறது நிர்வாகம். எந்திரத்தை ஓட்டும் மனிதனுக்கு மட்டும் எவன் எண்ணெய் போட்டால் என்ன என்று விட்டுவிடலாமா? கேளுங்கள் தோழர்களே, உரக்கக் கேளுங்கள்!