மஞ்சள் விளக்கு எரிந்தால் ஈ.சி.எம் போய்விட்டதா?

“எங்கள் 55 ஹெச்.பி டிராக்டரில் சேற்றுழவு முடித்த மறுநாள் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. இழுவையும் குறைந்துவிட்டது. டிஸ்பிளேயில் 110, 3 என இரண்டு எண்கள் வருகின்றன. ‘ஈ.சி.எம் போய்விட்டது, மாற்ற 40,000 ரூபாய் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?”

- வாசகர், திருமானூர்.

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அந்த இரண்டு எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்கேற்ப வந்த இன்ஜின்களில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை ஈ.சி.எம் எனும் மின்னணுப் பெட்டிதான் முடிவு செய்கிறது. சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தமே அதற்குக் கண்ணும் காதும்.

110 என்பது கூலன்ட் வெப்பநிலையைக் குறிக்கும். அடுத்த எண்தான் முக்கியம். அது 0 என்றிருந்தால் இன்ஜின் நிஜமாகவே கொதிக்கிறது. உடனே நிறுத்த வேண்டும். 3 என்றால், வர வேண்டியதைவிட அதிக வோல்ட் வருகிறது என்று பொருள். பெட்டி சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. கூலன்ட் சூடாகச் சூடாக சென்சாரின் மின்தடை குறைந்து, வோல்ட் இறங்கும். ஒயர் அறுந்தாலோ, கனெக்டர் கழன்றாலோ 5 வோல்ட் இறங்காமல் அப்படியே நிற்கும். இது நடக்க முடியாத அளவு என்று கண்டுகொள்ளும் பெட்டி, கோளாறைப் பதிந்து, விளக்கை எரியவிட்டு, பாதுகாப்புக்காக இழுவையையும் குறைக்கலாம். புகார் சொன்னவரையே திருடன் என்று பிடித்த கதைதான் இது!

தெர்மோஸ்டாட் அருகில் இருக்கும் அந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சேற்றுத் தண்ணீர் புகுந்து பின்கள் பச்சை பூத்திருக்கலாம். எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒயர் பக்கத்து இரண்டு பின்களிலும் மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் ஒயரும் பெட்டியும் பெரும்பாலும் சரி. சென்சாரை மாற்றிப் பார்க்கலாம். பெட்டியோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம். காட்டாவிட்டால் பெட்டி வரை ஒயரைத் தேட வேண்டும். பெட்டி மீது சந்தேகம் வருவது அதற்கும் பிறகுதான்.

எண்ணை அழித்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்றால் ஏற்க வேண்டாம். பழுது நீங்காவிட்டால் மறுபடி வரும். வண்டியில் சமீபத்தில் வெல்டிங் செய்திருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பேட்டரி டெர்மினல்களையும் ஈ.சி.எம் கனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் பெட்டி உண்மையிலேயே கெட வாய்ப்புண்டு.

சரிசெய்யும் வரை வெப்பமானியை நம்பி உழவுக்கு இறக்க வேண்டாம். இப்போது இன்ஜின் கொதித்தாலும் பெட்டிக்குத் தெரியாது.