மெஷின் வாங்குமுன் குடத்தை எண்ணுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சைக்கு முந்தின நாள் வகுப்பு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை பேரன் 4க்கு 5 அங்குல ஷீட் ஃபிலிம் போடும் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். நம் ஊரிலும் சுத்துப்பட்டிகளிலும் எண்பது வயது தாண்டியவர்களை ஆளுக்கொரு படம் எடுக்க வேண்டும், ஃபிலிமை வீட்டிலேயே கழுவ வேண்டும் என்பது அவன் ஆசை. நல்ல காரியம். பழைய மாணவர் குழுவில் நீங்கள் பணம் திரட்டினீர்கள். அதுவும் நல்ல காரியம். அதற்குப் பிறகு நடந்ததுதான் சரியில்லை. "செய்வதைத் திருத்தமாகச் செய்வோம் சார்" என்று ஒருவர் ஜோபோ மெஷின் படத்தைப் போட்டார். இன்னொருவர் அதைவிடப் பெரியதைப் போட்டார். விலையும் சுங்க வரியும் சேர்ந்தால் லட்சங்களில் போகும். நான்கு மாதமாக எந்த மாடல் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நான்கு மாதத்தில் பையன் எடுத்த படம் பூஜ்யம். பட்டியலில் முதல் பெயராக இருந்த கீழத்தெரு அப்பத்தா போன மாதம் இறந்துபோனார். சாவு வீட்டில் மாலை போடுவதற்கு ரேஷன் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள்.

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த மெஷின் நமக்கு வேண்டாம். கஞ்சத்தனத்தால் சொல்லவில்லை. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் காரணம் வெப்பம். டெவலப்பர் கணக்கெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது. நம் ஊர் மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரையில் 35 டிகிரியைத் தொடும். அந்த மெஷின் செய்யும் வேலை என்ன? தண்ணீரைச் சூடாக்கி ஒரே அளவில் வைத்திருப்பது. குளிர்விக்க வேண்டுமென்றால் அதுவும் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரைத்தான் கேட்கும். குளிர் நாட்டுக்காரனுடைய பிரச்சினைக்கு அவன் செய்துகொண்ட மருந்து அது. நம் வியாதி வேறு. வெந்நீர் போடும் மெஷினை லட்சம் கொடுத்து வாங்கி வெயில் ஊரில் வைப்பதை என்னவென்று சொல்வது?

வெப்பத்தை இறக்குவதற்கு வழி நம் திண்ணையிலேயே இருக்கிறது. மண்பானையைச் சுற்றி ஈரச்சாக்கு. காற்று காய்ந்த ஊர் என்பதால் இங்கே நன்றாக வேலை செய்யும். போன மே மாதம் வெளியே 38 இருந்தபோது பானைத் தண்ணீரை அளந்தேன், 28 இருந்தது. மீதியைக் கணக்காகப் பார்ப்போம். 4 லிட்டர் தண்ணீரை 4 டிகிரி இறக்க 16,000 கலோரி எடுக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி இழுக்கும். ஆக 200 கிராம் ஐஸ் போதும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, அதற்குள் டெவலப்பர் தட்டை வைத்தால் 24 டிகிரியில் நிற்கும். ஃபிலிம் கம்பெனி தரும் அட்டவணையில் 24 டிகிரிக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரும். அப்போது டி-76 போன்ற டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்தால் நேரம் நீளும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோடையில், அவசரத்தில் தொட்டித் தண்ணீரிலேயே கழுவி, ஜெலட்டின் சுருங்கி ஓரத்தில் உரிந்து வந்ததைப் பார்த்தவன் நான். அது என் தப்பு. தெர்மாமீட்டர் பக்கத்து மேஜையில்தான் இருந்தது.

இரண்டாவது காரணம் தண்ணீர். இதை வெளிநாட்டில் இருக்கும் தம்பிகள் மறந்தே விட்டீர்கள். ஃபிலிமைக் குழாயைத் திறந்துவிட்டு அலசுவது புத்தக வழக்கம். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால் 20 நிமிடத்துக்கு 80 லிட்டர். வண்டித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அதற்காக அலசலைக் குறைத்தால் ஹைப்போ தங்கி, சில வருடத்தில் நெகட்டிவ் பழுப்பேறிவிடும். பேரப்பிள்ளைகள் பார்க்கத்தானே எடுக்கிறோம்? வழி இதுதான்: லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் கரைத்த நீரில் இரண்டு நிமிடம் வைத்து, பிறகு ஒரு லிட்டர் வீதம் ஆறு தடவை தண்ணீரை மாற்றினால் போதும். மொத்தம் ஏழெட்டு லிட்டர். அரைக் குடம். நம் போர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எதைத்தான் வாங்குவது?

நான்கு பிளாஸ்டிக் தட்டு, 5க்கு 7 அங்குல ஃபிலிம் போடும் அளவு. நல்ல தெர்மாமீட்டர் ஒன்று, அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அளவுக் குவளை இரண்டு. இருட்டிலும் மணி சொல்லும் ஏதாவது ஒன்று, ஆனால் வெளிச்சம் விடக்கூடாது. மூடி போட்ட பழுப்பு பாட்டில்கள். துணிக் கிளிப். இவ்வளவுதான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, கதவிடுக்கில் போர்வையைச் செருகி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலையை ஆரம்பித்தால் இருட்டும் கிடைக்கும், சூடும் குறையும்.

"தட்டில் போட்டால் கீறல் விழுமே சார்?" விழும், பழகாதவனுக்கு. நகத்தை வெட்டு. முதலில் வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைத்துக்கொள். அடியில் இருப்பதை உருவி மேலே வை, அப்படியே சுற்றி வா. ஒரு தடவைக்கு நான்கு ஷீட், அதற்கு மேல் ஆசைப்படாதே. கெட்டுப்போன ஷீட்டை வைத்துப் பகல் வெளிச்சத்தில் நூறு முறை பழகு. அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன் தன் 8க்கு 10 அங்குல நெகட்டிவ்களைத் தட்டில்தான் கழுவினார். நம் ஊர்ப்பக்க ஸ்டூடியோக்காரர்களும் தட்டில் கழுவியவர்களே. அப்படி எடுத்த பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத்தான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடித் தேடிச் சேர்த்து டிஜிட்டல் பிரதி எடுத்தது. அவை பிழைத்ததற்கு மெஷின் காரணமில்லை.

மெஷினில் ஒரே சீராக வரும் என்கிறீர்கள். உண்மை, மறுக்கவில்லை. தினம் நூறு ஷீட் கழுவும் கடைக்கு அது லாபம். இவன் கழுவப்போவது வாரத்துக்கு நாலோ எட்டோ.

பட்டணத்தில் ஒற்றை அறையில், தெருவிளக்கு ஜன்னலுக்குள் விழும் இடத்தில் இருப்பவர்களுக்கு வேறு பதில் சொல்வேன். மூடிய டேங்க் வாங்குங்கள். ஸ்டியர்மன் எஸ்.பி.-445 அரை லிட்டருக்கும் குறைந்த மருந்தில் நாலு ஷீட் கழுவும். பேட்டர்சன் டேங்கில் மாட்54 சட்டத்தைப் போட்டால் ஒரு லிட்டரில் ஆறு ஷீட். ஃபிலிமை உள்ளே போடும்வரைதான் இருட்டு வேண்டும், அதற்குக் கறுப்புப் பை போதும். இருக்கும் இடத்துக்கு ஏற்ற சாமான், அவ்வளவுதான் என் கட்சி.

இன்னொன்றை யாருமே கேட்கவில்லை. கழிவு எங்கே போகும்? ஓடிய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் நானே முதல் ஆளாக வந்து சண்டை போடுவேன். கேனில் சேர்த்து, துருப்பிடிக்கும் சாதா இரும்பு நாரைப் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி படியும். பத்தாம் வகுப்பில் இடப்பெயர்ச்சி வினை நடத்தினேனே, அதேதான். ஸ்டெயின்லெஸ் நார் உதவாது. தெளிந்த நீரிலும் இரும்பு இருக்கும், அதையும் மண்ணில் கொட்டாமல் கேனிலேயே வைத்து, பழைய எக்ஸ்ரே ஃபிக்ஸர் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

மிச்சப் பணத்துக்கு ஃபிலிம் வாங்குங்கள். 1960ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடிவிட்டது. ஷீட் ஃபிலிம் இப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், விலையும் அப்படித்தான். கை பழக எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போடலாம். சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தே கழுவலாம். இரண்டு பக்கமும் மருந்து பூசியது, சீக்கிரம் கீறும், தட்டின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் வீட்டுப் பின்னறையில் முதல் நாலு ஷீட்டைக் கழுவப்போகிறோம். பட்டியலில் அடுத்த பெயர் மேலத்தெரு தாத்தா, தொண்ணூற்றொன்று. சனிக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் உட்காருவதாக ஒத்துக்கொண்டார், வேட்டி மட்டும் புதுசு வேண்டுமாம். அதை யாராவது வாங்கி அனுப்புங்கள். மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம்.

என்னைத் திட்டுவதானால் இங்கேயே திட்டுங்கள், தனியாக வாட்ஸ்அப்பில் வேண்டாம். கணக்கில் தப்பிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்